வலது பெட்டியைத் திறந்து வையுங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் மைக் செட் உரிமையாளர் சங்கத் தலைவர் தீனதயாளன் அவர்களே! கணவரைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அழுது வீங்கிய முகத்தோடு இருக்கும் முத்தாத்தாள் அக்கா! அவிநாசியிலிருந்து கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே! நான் நல்லூர் மைக் செட் கடை சித்ராதேவி. இனிக்கப் பேச எனக்கு வாய் வரவில்லை.

தலைவர் சற்றுமுன் என்ன சொன்னார்? "ஒலி வேந்தர் வெள்ளியங்கிரி!" அடேயப்பா! உயிரோடு இருந்தபோது இவர் கொடுத்த பட்டம் என்ன? ஏமாற்றுக்காரர்!

அனுப்பர்பாளையம் மாரியம்மன் பொங்கலில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி பக்கத்துப் பக்கத்தில் வைத்தும் தவில் சத்தம் தகர டப்பாவாகக் கேட்டது. உள்ளே காயில், அதாவது கம்பிச்சுருள், கருகிப்போன ஸ்பீக்கரைக் கட்டி ஏமாற்றினார் என்று சங்கத்தை விட்டே நீக்கினீர்கள். அண்ணன் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பின் மேல் விரல்களைப் பரப்பி மெல்ல அமுக்கிக் காட்டினாரே, காயில் கருகியிருந்தால் உரசுமே, உள்ளே ஏதாவது உரசியதா? "ஏனுங்க தலைவரே, அந்தச் சொவுத்துக் கடியாரத்துப் பேட்டரியக் கழட்டிக் குடுங்க, கோளாறு எங்கீன்னு இப்பவே காட்டறனுங்க" என்று கெஞ்சினாரே! "வித்தை காட்டாதீங்க" என்றீர்கள். அதன்பின் ஒரு காதுகுத்துக்காவது அவரை யாராவது கூப்பிட்டீர்களா?

அந்தப் பெட்டிகளைப் பழுது பார்த்தது தலைவரின் கடை. தலைவர் கடையிலிருந்து வந்ததை மறுபடி சோதித்தால் மரியாதைக் குறைவு என்பது நம் வழக்கம். அண்ணனும் சோதிக்காமலே கட்டினார். அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

"தலைவர் கண்ணு முன்னாலதான் தொறப்பேன்" என்று சாகும்வரை அவற்றைத் தொடாமலே வைத்திருந்தார். இதோ, மேடைக்கு இருபுறமும் நிற்பவை அவைதான்! பிரதீப், ஆம்ப்ளிஃபயரை நிறுத்து, கம்பிகளைக் கழற்று. என் தொண்டை போதும்.

இது கடிகார பேட்டரி. ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ், மைனஸுக்கு மைனஸ். இடது பெட்டி, டப்! கூம்பு வெளியே வருகிறது. வலது பெட்டி, டப்! பார்த்தீர்களா? உள்ளே போகிறது! ஒன்று தள்ளி ஒன்று இழுத்தால் தவில் சத்தம் எப்படி எழும்பும்? உள்ளே கம்பியை மாற்றிப் பூட்டியது யார் கை?

"ஏனம்மா, எழவுக் கூட்டத்துல இதெல்லாம்..." என்கிறீர்களா தலைவரே? வேறு எந்தக் கூட்டத்தில் எனக்கு மைக் கொடுத்தீர்கள்?

தோழர்களே, யார் கடைப் பெட்டியானாலும் இனி பேட்டரி தொட்டுப் பார்க்காமல் மேடை ஏற்ற மாட்டோம். வெள்ளியங்கிரி அண்ணன் மேல் ஆணை!

தலைவரே, இந்தாருங்கள் ஸ்க்ரூடிரைவர். உங்கள் கையாலேயே மாற்றிப் பூட்டுங்கள். பிறகு இதே மைக்கில், அக்கா காது கேட்க, அவர் யாரையும் ஏமாற்றவில்லை என்று சொல்லுங்கள். மௌன அஞ்சலி அதற்கப்புறம். அதுவரை யாரும் எழுந்திருக்க வேண்டாம்.