பச்சை நோட்டீஸுக்குப் பதினொண்ணு ஓட்டு

…அதுக்குத்தான் சொல்லுகேன் மக்கா, ரெண்டே ரெண்டு பேரு நிக்கப்பட்ட எலெக்‌ஷன் மாதிரி ஒரு நாசம் பிடிச்ச காரியம் கெடையாது. நீ கொஞ்சம் இந்தப் பக்கமா தள்ளி இரி, அங்க வெயிலு அடிக்கும். காதுல மாட்டியிருக்க வயரு ரெண்டையும் எடுக்காண்டாம், ஒண்ணை மட்டும் எடு, போதும். கருங்கல்ல ஏறும்போதே பாத்தேன், நல்ல பிள்ளைன்னு. நாகர்கோவில் வரைக்கா? ஆங்… நான் பார்வதிபுரத்துல இறங்கணும். எனக்க அண்ணன் ரசலையன் அங்க மக வீட்டுல ஒளிஞ்சு இருக்கான். ஐயோ, போலீஸு கேஸு ஒண்ணும் இல்ல பிள்ளே! எங்க சபை எலெக்‌ஷன்ல தோத்துட்டான். தோத்த அண்ணைக்கே நாலு சட்டையும் பைபிளும் எடுத்துகிட்டு பஸ்சு ஏறுனவன்தான். வாற வெள்ளிக்கிழமை எனக்க மவ பிளஸ்ஸிக்கு நிச்சயம். தாய்மாமன் இல்லாம எப்படி? போனை எடுக்க மாட்டேங்கான். அதான் நேர்ல கூப்பிடப் போறேன்.

என்ன கேட்டா? ஓ, எலெக்‌ஷனா… சொல்லுகேன்.

எங்க சர்ச்சு சபையில இருபது வருசமா ரெண்டே அணி. ஒண்ணு வெள்ளைத் தாளுல நோட்டீஸ் அடிக்கும், மத்தது மஞ்சத் தாளுல. அதான் பேரே. வெள்ளை நோட்டீஸு, மஞ்ச நோட்டீஸு. செயலாளருன்னு ஒரு ஆளைத் தெரிஞ்செடுக்க இவ்வளவு பாடு! ஒருத்தன் மதிலுக்கு நீல பெயிண்டுன்னா மத்தவன் பச்சைன்னு நிப்பான். ஆறு வருசமா மதிலு பாசி பிடிச்சுக் கிடக்கு, பெயிண்டே அடிக்காம பச்சை ஜெயிச்சாச்சு. சாவு வீட்டுல ஜெபம் பண்ணுகது எந்த அணின்னு பாத்துட்டு, கண்ணை மூடாமலே இருக்கப்பட்ட ஆளுவளும் உண்டு. சிரிக்காத, உள்ளதுதான்.

ரெண்டு பேருன்னா என்ன ஆவும் தெரியுமா? உனக்கு யாரைப் பிடிக்கும்னு ஒருத்தரும் கேக்கமாட்டாவ. யாரைப் பிடிக்காதுன்னுதான் கேப்பாவ. வெள்ளை நோட்டீஸுக்காரன் ஒருத்தன் ஒருக்கா எங்க வாழையில மாட்டை விட்டான், அதுக்காக நான் சாவுக வரைக்கும் மஞ்சளுக்குப் போடணுமா? என்ன நியாயம் இது!

எனக்க சம்மந்தியா வரப்போறவரு பாறசாலைக்காரரு, கேரளா. அவரு பறைவாரு, "எங்களுக்கு ரெண்டு முன்னணி. இது சரியில்லைன்னா அது. எளுப்பமான காரியம். உங்க ஊர்ல அது வோட்டு மெஷினா, இல்ல சந்தையா?"ன்னு. சந்தைதான்னேன். போன தடவை எம்.எல்.ஏ. எலெக்‌ஷனுக்கு எங்க பூத்துல ரெண்டு மெஷினை ஒட்டி வச்சிருந்தாவ, அம்புட்டு பேரு. நான் கண்ணாடியப் போட்டு மேலயிருந்து கீழ வரை வாசிச்சேன். சைக்கிள் பம்பு, பிரஷர் குக்கரு, பலாப்பழம்… "அம்மா, இன்னும் முடியலியா?"ன்னு உள்ள இருந்த சாரு கேக்காரு. முடியல, இப்பதான் பலாப்பழம் வரைக்கும் வந்திருக்கேன்னேன். சேலைக் கடையில ரெண்டே ரெண்டு சேலையை எடுத்துப் போட்டுட்டு இதுல ஒண்ணை எடுன்னா நீ எடுப்பியா? எந்திரிச்சு வந்திரமாட்ட?

அந்தச் சூட்டுலதான் நம்ம சபைக்கும் மூணாவது அணி ஒண்ணு வேணும்னு நான் கிளம்புனேன். சபை மாதர் சங்கத்துப் பெண்டுவகிட்டயெல்லாம் பேசுனேன். மூணு பேரு நின்னாத்தான் மனசுக்குப் பிடிச்ச ஆளுக்குப் போடலாம்னு நான் பண்ணின பிரசங்கத்தை நீ கேட்டிருக்கணும்! எங்க போதகரு ஐயரே தோத்துப்போவாரு. எல்லாரும் தலைய ஆட்டுனாவ. நிக்க ஆளைக் கேட்டா ஒருத்தியையும் காணல. கடைசில எங்க வீட்டுக்காரரையே நிறுத்துனேன்.

ஜெபதாஸுன்னு பேரு. ரப்பரு வெட்டுக மனுசன், மரத்துகிட்ட பேசுகதோட சரி. "எதுக்குட்டி எனக்கு இது?"ன்னாரு. நாந்தான் போட்டோ எடுத்து, பச்சைத் தாளுல நோட்டீஸ் அடிச்சு, வீடு வீடா குடுத்தேன்.

அதுக்குள்ள வெள்ளை நோட்டீஸுக்காரங்க எனக்க அண்ணனை நிறுத்தியாச்சு. எனக்கு நிச்சயமா தெரியாது பிள்ளே! செரி… தெரியும். ஆனா நோட்டீஸ் அடிச்சாச்சுல்லா. அடிச்ச நோட்டீஸை என்ன செய்ய, வடை மடக்கவா?

எண்ணி முடிச்சாவ. மஞ்சளுக்கு நூத்தி நாப்பத்தாறு. அண்ணனுக்கு நூத்தி நாப்பத்திரெண்டு. எங்க வீட்டுக்காரருக்குப் பதினொண்ணு. அந்தப் பதினொண்ணும் எங்கயிருந்து வந்துன்னு நினைக்க? எல்லாம் எங்க சொந்தக்காரங்க. நான் கிளம்பாம இருந்திருந்தா அத்தனையும் அண்ணனுக்குப் போவ வேண்டியது. அவன் கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயரு ஆனவன், அவனுக்குத் தெரியாதா? கோயில் முற்றத்துல எல்லார் முன்னாலயும் சொன்னான், "என்னைத் தோக்கடிச்சது மஞ்சள் இல்ல, எனக்க கூடப்பிறந்தவ."

இப்ப உங்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லுகேன். நீ எங்க சபை இல்லல்லா? செரி. பைய சொல்லுகேன், கிட்ட வா.

நான் எங்க வீட்டுக்காரருக்குப் போடல.

ஆமா! அண்ணனுக்குத்தான் போட்டேன். சீட்டைக் கையில வாங்குனேன், மூணு பேரும் வரிசையா இருக்கு, பேனா அங்க போயிற்று. மனசுக்குப் பிடிச்ச ஆளுக்குப் போடலாம்னு ஊரெல்லாம் பிரசங்கம் பண்ணினது நாந்தானே? பிடிச்ச ஆளுக்குத்தான் போட்டேன்! இந்த மனுசன் என்னடான்னா டெய்லி காலத்த சாயா குடிச்சுகிட்டு, தனக்குப் போட்ட ஆளுவளை விரலு மடக்கி எண்ணுகாரு. முதல் விரலு எனக்கு. "நேசபாய் ஒண்ணு"ன்னு சொல்லி என்னைப் பாத்து ஒரு சிரிப்பு. எனக்கு அந்தச் சாயா இறங்குமா, சொல்லு.

அண்ணன்கிட்ட உள்ளதைச் சொன்னா வந்திருவான். பதினொண்ணை எடுத்துட்டு ஒண்ணைத் திருப்பிக் குடுத்தியாட்டின்னு ரெண்டு ஏச்சு ஏசிட்டு வந்திருவான். ஆனா அவனுக்கு வாயி நிக்காது. நிச்சய வீட்டுல, அத்தனை பேருக்கு நடுவுல, "ஏ ஜெபதாஸு, உனக்க பெண்டாட்டி வோட்டு எனக்கு"ன்னு சொல்லிருவான். சொல்லாம விட்டா அவன் வரமாட்டான், "அம்மாவன் எவிடே?"ன்னு தாய்மாமனைப் பாறசாலைக்காரரு தேடுவாரு, பிளஸ்ஸி எனக்க மூஞ்சியைப் பாப்பா. ஒண்ணு அண்ணன், இல்லைன்னா புருசன். எனக்கும் ரெண்டுதான் வச்சிருக்காரு கர்த்தரு! நீ படிச்ச பிள்ளைல்லா, மூணாவதா ஒண்ணு யோசிச்சுச் சொல்லேன். இல்லைன்னா எனக்ககூட அண்ணன் இருக்க வீடு வரைக்கும் ஒரு எட்டு வா. அந்நிய ஆளு நின்னா அவன் கதவை அடைக்கமாட்டான். ஒரு பத்து நிமிசம்…

எங்க எந்திரிக்க? இது திங்கள்சந்தைல்லா! நாகர்கோவில் இன்னும் எவ்வளவு தூரம் கிடக்கு! ஏ மக்கா… ஏ பிள்ளே… கடையில சாமான் வாங்கணுமா? இங்கயா? இப்பமா?

இறங்கிப் போயிற்றா. நாலு வார்த்தை பேசுனா இந்தக் காலத்துப் பிள்ளைவளுக்குப் பொறுக்காது.

செரி. அண்ணன்கிட்ட உள்ளதைச் சொல்லிர வேண்டியதுதான். புருசன் கோவிச்சா எங்க போவாரு, ராத்திரி சோத்துக்கு எனக்க முன்னாலதான் வந்து இருக்கணும். நாளைக்குக் காலத்த விரலு மடக்கும்போது நானே சொல்லிருகேன், அந்த முதல் விரலை விரிச்சு விடும்னு. அண்ணன் வாயால கேக்கதுக்கு முன்னால எனக்க வாயால கேக்கட்டு.

கண்டக்டரே… பார்வதிபுரம் வந்தா ஒரு குரல் குடுக்கணும், கேட்டீரா? நான் பேச்சுல மறந்திருவேன்.