கொம்பில் இரண்டாவது இடம்

ஜன்னலைத் திறந்து வைத்ததற்கு நன்றி ஐயா. மின்விசிறிக் காற்று எனக்குச் சுத்தமாக ஒத்துக்கொள்ளாது, உடனே தும்மல் வந்துவிடும்.

விழுந்ததில்தான் அண்ணனின் விலா நொறுங்கியதா என்று கேட்டீர்கள். இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் குருவியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அண்ணனும் நானும் ஒரே குருவி இனத்தைத்தான் ஆராய்ந்தோம். கட்டைவிரல் பருமன் இருக்கும். கறுப்பு உடம்பு, நீல முதுகு, உச்சந்தலையில் சிவப்பு. தாழ்ந்த கொம்பு ஒன்றில் இரண்டு ஆண்கள் சேர்ந்து பாடி, மாறி மாறித் துள்ளி ஆடும். பெட்டைக்கு ஆட்டம் பிடித்துப்போனால் பெரியதோடு மட்டும் சேரும். சின்னது வருஷக்கணக்கில் கூட ஆடிவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பெரியது செத்தால் கொம்பு அதற்கு வரும். அங்கே வந்து பழகிய பெட்டைகளும் வரும். பொறுமைக்குக் கிடைக்கிற கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி மேல் எனக்கு ஆசை. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. காட்டு முகாமுக்கு வந்தால், வலையில் சிக்கிய குருவியை நான்தான் கையில் எடுத்துக் காட்டுவேன்.

“தம்பி கை எவ்ளோ பதமா இருக்கு பாருங்க,” என்றார் ஒருநாள்.

அண்ணன் சிரித்தார். “அவன்தான் இங்க கசாப்புக்காரன். தெரியாதா உனக்கு?”

பொய்யில்லை. அருங்காட்சியகத்துக்குப் பாடம் செய்யும் குருவிகளைக் கொல்வது என் வேலை. இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் வைத்து நெஞ்சை அழுத்தினால் போதும், இதயம் விரிய இடமில்லாமல் நின்றுவிடும். ரத்தம் வராது. இறகும் கெடாது.

போன மாதம் எங்கள் கொம்பின் பெரிய ஆணை அப்படித்தான் முடித்தேன். பாம்பு தின்றிருக்கும் என்று அண்ணனிடம் சொன்னேன். சின்னது வேறொரு ஆணைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு ஆடியது, பெட்டையும் வந்தது. கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

அன்று மழை விட்டதும், குருவி பார்க்க மரத்தில் கட்டியிருந்த மேடைக்கு அண்ணன் ஏறினார். உச்சிக்குப் போவதற்குள் ஏணியை இழுத்துவிட்டேன். தொடை எலும்பு சதையைக் கிழித்து வெளியே வந்துவிட்டது, ஆனால் உயிர் இருந்தது.

“டேய், ஏணி சறுக்கிடுச்சுடா. என்னைத் தூக்கு.”

மனிதனுக்கு இரண்டு விரல் போதாது. நெஞ்சின் மேல் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தேன். வலப்பக்க விலாக்கள் முதலில் போயின, காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். என் கன்னத்தில் இருப்பது அவர் நகக் கீறல்தான். கடைசியில் வாயிலிருந்து ரத்தம் கொப்பளித்தது. அதில் மட்டும் எனக்கு வருத்தம். அண்ணி வாங்கிக்கொடுத்த சட்டை வீணாகிப்போனது.

பிணத்தை அடையாளம் காட்ட வந்த அண்ணி என் முகத்தில் காறித் துப்பினார், நீங்களும் பார்த்தீர்கள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டை முதல் தடவையே கொம்பில் வந்து உட்காராது ஐயா, சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

என்னை வேறு ஊர் ஜெயிலுக்கு மட்டும் மாற்றிவிடாதீர்கள். அண்ணி திரும்பி வரும்போது நான் இங்கேயே இருக்க வேண்டும்.