பன்னிரண்டு கம்பிகளும் ஒரு சொல்லும்

பொம்மு, அம்மா மேடையில் நிற்கிறேன். பேச்சு நடுங்காது, பார்.

இந்தத் தொழிற்சாலைக் கூட்டத்துக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் மேலாளர் ஐயா அவர்களே, உலைச் சூட்டிலேயே முடி நரைத்த பெரியவர்களே, பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார்களே, என் மகளோடு ஒரே மேசையில் திருகாணி திருகிய தம்பி தங்கைகளே, உங்கள் எல்லோருக்கும் இந்தக் கேன்டீன்காரியின் வணக்கம். பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? மைக்கைக் கிட்டே இழுத்துக்கொள்கிறேன். இப்போது? நல்லது.

காய்ச்சல் வந்த ஐந்தாம் நாள் என் மகள் போய்விட்டாள். அடுத்த வாரமே அவள் வேலையைப் பற்றி ஒரு தாளில் ஒரு சொல் ஏறியது. 'கவனக்குறைவு.' செத்தவள் எழுந்து வந்து பதில் சொல்வாளா? பெற்றவள்தான் கேட்க வேண்டும். கேட்டேன்.

அவள் பார்த்த வேலை என்ன? அலுமினியத்தை உருக்கி இரும்பு அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு குளிர்ந்திருந்தால் உலோகம் பாதி வழியில் உறைந்துவிடும். அதனால் அச்சின் உடம்பில் துளை போட்டு ஹீட்டர் கம்பி செருகுகிறார்கள். துளையின் வாயில் ஒரு வளையம். அதுதான் சீல்; அதன்மேல் திருகி இறுக்க ஒரு மூடி. உலோகம் ஒட்டாமலிருக்க அச்சில் அடிக்கிற மருந்துத் தண்ணீர் உள்ளே கசிந்தால் கம்பி போச்சு. கசியாமல் காப்பது அந்த வளையம்.

ஒருநாள் அதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"குக்கர் வளையம் மாதிரி இருக்கேடி?"

"குக்கர் வளையத்தை அங்க போட்டா நீ தும்முறதுக்குள்ள கரிஞ்சிடும்மா. இது பீங்கான் நூல்."

"பீங்கான்ல நூலா? யாருடி நூத்தது?"

"உனக்கு வாய் வெச்சதே கேள்வி கேட்கத்தான்."

சிரியுங்கள், சிரியுங்கள். அவளும் இப்படித்தான் சிரித்தாள். நான் விட்டேனா? இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினேன். சிவந்தது, எரியவில்லை. நெருப்பையே ஏமாற்றும் நூல் எப்படிப்பட்ட நூல் என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, அந்தச் சொல்லுக்கு வருகிறேன். பெரிய அச்சுக்கு இரண்டு பாதி, பாதிக்குப் பன்னிரண்டு கம்பி. எல்லாம் அவள் கை வேலை. எதையும் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் நம்புவார் நம் மேற்பார்வையாளர். "டார்ச்லைட்" என்று நீங்கள்தானே பெயர் வைத்தீர்கள்? அவர் ஒரு பாதியைப் பார்த்தார். மூடிக்கும் வளையத்துக்கும் நடுவில் நகக் கனம் இடைவெளி. "அவசரத்தில் இறுக்காமல் விட்டிருக்கிறாள், கவனக்குறைவு" என்று எழுதினார், அந்தப் பக்கம் முழுவதையும் இறுக்கினார். மறுபாதி இயந்திரத்தில் பூட்டியிருந்ததால் தொடவில்லை.

மூன்றே நாள். இறுக்கிய பக்கம் ஒன்பது வளையம் பிளந்தது, கம்பி செத்தது, உலோகம் உறைந்தது. தொடாத பக்கம்? கொதித்துக்கொண்டிருந்தது!

தேநீர்க் குவளை பொறுக்கப் போனவள் அவரிடமே கேட்டேன். "ஐயா, கவனமில்லாம போட்ட பக்கம் நல்லா ஓடுது. கவனமா போட்ட பக்கம் ஏன் பிளந்துச்சு?"

"அம்மா, குவளையை எடுத்துட்டுப் போங்க."

"எடுக்கறேன். பதிலையும் குடுங்க, சேர்த்து எடுத்துட்டுப் போறேன்."

முறைத்தார். ஆனால் மனுஷன் நேர்மையானவர். மறுநாள் ஒரு இரும்புக் கட்டையில் இரண்டு கம்பி செருகினார். ஒன்று இறுக்கி, ஒன்று இடம் விட்டு. சூடேற்றினார். சூட்டில் கம்பி நீண்டு வளையத்தைத் தள்ளியது. இடமிருந்த வளையம் நகர்ந்து வாயை அடைத்துக்கொண்டது. இடமில்லாத வளையம் நசுங்கிப் பிளந்தது. குளிரில் இறுக்கியது கவனமா, சூட்டை நினைத்து இடம் விட்டது கவனமா? யார் கவனம் கவனம்? இன்று காலை அந்தச் சொல்லை அவரே தன் கையால் கோடு போட்டு அடித்தார். ஐயா, எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். உங்களைக் குறை சொல்ல வரவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. நேற்று, தொடாத பாதியைச் சுத்தம் செய்யக் கழற்றினார்கள். பன்னிரண்டு கம்பியில் பதினொன்றுக்கு நகக் கனம் இடைவெளி. ஏழாவதுக்கு மட்டும் இல்லை. முழுக்க இறுக்கியிருந்தாள். அதுவும் பிளக்கவில்லை! "மேடையில இதைச் சொல்லாதீங்கம்மா, மறுபடி சந்தேகம் வரும்" என்றார் ஒரு தம்பி. எதற்கு மறைக்க? தவறாக இருந்தால் அவள் தவறு, தெரிந்து செய்திருந்தால் அவள் அறிவு. இரண்டுமே என் மகளுடையது. டார்ச்லைட் ஐயா துளையை அளந்தார், வளையத்தை அளந்தார், தலையைச் சொறிந்தார். அவருக்கும் தெரியவில்லை.

படிக்காதவள் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், தாளில் எழுதியதை அடிக்க வெட்கப்படாத அந்தக் கைக்கும் நன்றி கூறி வணங்குகிறேன். உங்களிடம் கேட்க எனக்கு வேறு கேள்வி இல்லை. இருப்பது அவளிடம்தான்.

பொம்மு, அந்த ஏழாவதை மட்டும் ஏன்டி இறுக்கினே?