சிரட்டைக்குள் கிடந்த நட்

இரவு பத்து மணி இருக்கும். அக்கராயன் ரோட்டு. இரண்டு பக்கமும் காடு... நடுவில் ஒருவன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறான். மேலெல்லாம் வியர்வை, வாயெல்லாம் தூஷணம். முறிகண்டியில் நின்றுபோன மெஷின் அது. ஸ்கந்தபுரம் வரை தள்ள வேண்டும்.

நெருப்புக்குக் கிட்ட வாருங்கள். வெள்ளம் வடியாமல் நம்மை ஏற்றிவந்த பாறூக் நானாவின் லொறி இந்தப் பாலத்தைத் தாண்டாது. விடியும்வரை நமக்கும் வேறு வேலையில்லை. ஒன்று மட்டும்... இந்தக் கதைக்கு யாரும் உம் கொட்ட வேண்டாம். மற்றக் கதைகளுக்குக் கொட்டுங்கள். இதற்கு வேண்டாம்.

நடந்தது என் கூட்டாளி தண்ணீரூற்றுச் சின்னராசாவின் அக்கா நாகேஸ்வரிக்கு. அவளுடைய புருஷன் வீரகத்தி ஸ்கந்தபுரத்தில் ஓவசியர். மாசி மாதம் குளத்து மதகில், துருசடியில், பாம்பு தீண்டிச் செத்துப்போனான். மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தவன் அவனுடைய தமையன், பளை மயில்வாகனம்.

மெஷின் வீரகத்தியுடையது. யுத்த காலத்து இங்கிலீஸ் சாமான், பல கை மாறி வந்தது. வந்தபோது அதோடு விளக்கப் புத்தகம் இல்லை. புத்தகம் இல்லாமல் அதைக் கட்டி மேய்க்க முடியவில்லை. இன்றைக்கு ஓடும், நாளைக்கு உதைத்த காலையே திருப்பி உதைக்கும். யாழ்ப்பாணத்துக் கடைகளில் கேட்டான், கொழும்புக்கு எழுதினான்... எங்கும் இல்லை. கடைசியில் கண்டுபிடித்தது நாகேஸ்வரி. எங்கே தெரியுமா? முறிகண்டியில், கச்சான் கடலை விற்கிறவளின் பெட்டிக்குப் பக்கத்தில். முதல் நாலு தாள் கச்சான் சுருளாய்ப் போய்விட்டது. அடுத்த தாளில் கச்சான்காரி கை வைக்க, நாகேஸ்வரி பாய்ந்து பறித்தாள். அட்டையில் அதே மெஷினின் படம். அந்தப் பறிப்புக்கு அவள் வாங்கிய ஏச்சை இந்த இடத்தில் சொல்லக் கூடாது.

வீரகத்திக்கு இங்கிலீஸ் சரிவராது. நாகேஸ்வரி படித்தவள். பின்னேரங்களில் அவள் வாசற்படியில் இருந்து ஒரு வரி வாசித்து, அதைத் தமிழில் சொல்வாள். அவன் வாயில் சுருட்டோடு கொட்டிலுக்குள் குந்தியிருந்து செய்வான். செயின் எவ்வளவு தளர நிற்க வேண்டும், ஒயில் எப்போது மாற்ற வேண்டும்... எல்லாம் அப்படித்தான். செய்து முடிந்ததும் "உம்" என்பான். அந்த உம் கேட்டால்தான் அடுத்த வரி. கழற்றிய நட்டுகள் மண்ணெண்ணெய் ஊற்றிய ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் போகும். பிள்ளை இல்லாத வீடு. புருஷனும் பெண்சாதியும் இருந்து கதைத்ததெல்லாம் அந்த நேரத்தில்தான்.

வீரகத்தி செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குகூட முடியவில்லை. அது முடியும்வரை செத்தவர் வீட்டை விட்டுப் போகமாட்டார், அவருடைய சாமானை வெளியே எடுக்கக் கூடாது என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மயில்வாகனத்துக்குத் தெரியாதா? எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று வந்தான். "தம்பியின்ரை சாமான் எனக்குத்தான்" என்றான். குறுக்கே நின்ற நாகேஸ்வரியைத் தோளால் இடித்து விழுத்திவிட்டு, மெஷினை எடுத்துக்கொண்டு போனான். சொந்தத் தம்பியின் சாவீட்டில்! நினைக்க இப்போதும் பற்றி எரிகிறது.

எல்லா வாகனமும் நின்று கும்பிட்டுப் போகிற முறிகண்டிப் பிள்ளையாரை நிற்காமல் தாண்டினான். மெஷின் இரண்டு தரம் இருமியது... நின்றுவிட்டது.

இப்போது திரும்பி வந்து படலையடியில் நிற்கிறான்.

"புத்தகத்தை எடு."

"மெஷின் உங்கடை தம்பியின்ரை," என்றாள் நாகேஸ்வரி. "புத்தகம் என்ரை."

"எடுக்கிறியோ, அலுமாரியைக் கொத்தவோ?"

அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் இந்த மனிதன் தொலைந்தால் போதும் என்று இருந்தது. "உங்களுக்கும் இங்கிலீஸ் வராது. நான் வாசிக்கிறன். செய்துபோட்டுப் போங்கோ அத்தான்."

படியில் அரிக்கன் லாம்பு. கொட்டிலுக்குள் போத்தல் லாம்பு. அவனுடைய முதுகு மட்டும் தெரிந்தது.

"பிளக்கைக் கழட்டிக் கரியைத் துடையுங்கோ."

ஸ்பானர் சத்தம்... பிறகு, "உம்."

"காபரேட்டருக்குள்ளை இருக்கிற சின்னத் துவாரத்தை ஊதிப் பாருங்கோ."

"உம்."

அவள் அடுத்த வரியைத் தொடங்க மயில்வாகனம் நிமிர்ந்தான். "என்னடி, நான் செய்து முடிக்க முந்தி அடுத்ததை வாசிக்கிறாய்?"

"நீங்கள் உம் எண்ட பிறகுதானே வாசிக்கிறன்."

"ஆர் உம் எண்டது? நான் ஒண்டும் சொல்லேல்லை."

காற்று இல்லை. நுளம்பின் ரீங்காரம்கூட இல்லை... மண்ணெண்ணெய் மணத்தோடு சுருட்டு மணம் வந்தது. மயில்வாகனம் சுருட்டுக் குடிக்கிறவன் இல்லை.

பயந்த மனிதனுக்குக் கோபம் இரண்டு மடங்கு வரும். "செத்தவனைக் காட்டி என்னை வெருட்டப் பாக்கிறியோ?" என்று கத்தினான். மெஷினை உதைத்தான். ஒரே உதையில் பிடித்தது. அதை நிறுத்திவிட்டு நேரே படிக்கு வந்து, அவள் மடியில் இருந்த புத்தகத்தைப் பறித்தான். "இனி உன்னட்டை வரத் தேவையில்லை." அதை இடுப்பில் செருகிக்கொண்டு எண்ணெய்க் கை கழுவக் கிணற்றடிக்குப் போனான்.

புருஷனும் போய், மெஷினும் போய், கடைசியில் அதுவும் போனது. நாகேஸ்வரி வெறுங்கையோடு இருந்தாள். நெஞ்சு கொதித்தது. முன்சக்கரத்தைப் பற்றி வாசிக்காமல் விட்ட வரி அவளுக்கு மனப்பாடம். முன்சில்லு நட்டை இறுக்கிப் பார். அந்த வரி அவளுடைய மனதுக்குள் வந்தது. ஆனால், மாறி வந்தது.

முன்சில்லு நட்டைக் கழற்று.

வாய் திறக்கவில்லை. உதடு அசையவில்லை. நினைத்தாள், அவ்வளவுதான்.

ஆளில்லாத கொட்டிலுக்குள்ளிருந்து...

"உம்."

பிறகு கிறீச்... கிறீச்... கடைசியில் சிரட்டைக்குள் டிக் என்று ஒரு சத்தம். கிணற்றடியில் அவன் இன்னும் வாளியால் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தான்.

வந்தான். ஏறினான். உதைத்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நாகேஸ்வரி. 'கொஞ்சம் நில்லுங்கோ அத்தான்' என்றால் போதும். சொல்லவில்லை. பின்விளக்கு வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிய ஊர்த் தலைவர் விதானையார் வந்தார். முறிகண்டிக்கு இந்தப் பக்கம், சில்லு ஒரு பற்றைப் புதருக்குள், மெஷின் இன்னொரு பற்றைக்குள். மயில்வாகனம் நடு ரோட்டில், கழுத்து முறிந்து. இடுப்பில் இருந்தது என்று புத்தகத்தை அவளிடம் கொடுத்தார். "முன்சில்லு நட்டைத்தான் காணேல்லை பிள்ளை. ரோட்டெல்லாம் தேடிப் பாத்திட்டம்." அவர் போன பிறகு நாகேஸ்வரி கொட்டிலுக்குள் போனாள். சிரட்டைக்குள் மண்ணெண்ணெயில் அந்த நட் கிடந்தது, யாரோ அழுக்குப் போகத் துடைத்து வைத்த மாதிரி.

அதற்குப் பிறகு அவள் யாரோடும் கோபிப்பதில்லை. பொறுமைக்கு நாகேஸ்வரி என்று ஊரில் சொல்வார்கள். பொறுமையாம்! பயம். காலையில் எழும்பினால் முகம் கழுவ முந்தி அந்தச் சிரட்டையைத்தான் பார்க்கிறாள். இத்தனை வருஷமாய் வெறும் சிரட்டைதான்.

நேற்றுக் காலையில் ஒன்று கிடந்ததாம். சின்னராசா சொன்னான். மோட்டார் சைக்கிள் நட் இல்லை. கைக்குள் அடங்காத பெரிய நட். யாரோடு கோபித்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறாளாம், பிடிபடவில்லையாம். முந்தநாள் மழைக்குள் முறிகண்டிச் சந்தியில் நின்று கை காட்டினாளாம். ஒரு லொறியும் நிற்கவில்லையாம். அதற்கெல்லாம் நான் கோபிக்கவில்லையே என்கிறாளாம்.

பாறூக் நானா எழும்புகிறார். டோர்ச்சை எடுத்துக்கொண்டு லொறியின் முன்சில்லடிக்குப் போய்க் குனிகிறார்... குனிந்தவர் இன்னும் நிமிரவில்லை.