உடும்புகளின் சாப்பாட்டுக் கொப்பி

கரப்பான் பூச்சியை உடும்புக்குப் போடுவதற்கு முதல் நாள், அந்தக் கரப்பானுக்கு நல்ல சாப்பாடு கொடுக்க வேண்டும். கரட் துருவல், கீரைத் தண்டு, கொஞ்சம் ஓட்ஸ். பூச்சியின் வயிற்றில் இருப்பதுதான் உடும்புக்குப் போய்ச் சேரும். பலருக்கு இது தெரியாது. கடையில் வாங்கிய பூச்சியை அப்படியே அள்ளிப் போட்டுவிட்டு, உடும்பு வளர்க்கிறோம் என்பார்கள்.

பொலிசிலிருந்து நீங்கள் என் மகளைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். தெரியும். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளையையும் கூட்டி வந்திருக்கிறீர்கள். பிள்ளை ஆறுதலாக எழுதட்டும். உடும்புகளைச் சொல்லாமல் மகளைச் சொல்ல முடியாது.

நான் யாழ்ப்பாணத்தில் அரசாங்க ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடம் டிஸ்பென்சராக இருந்தவன். மருந்தை நிறுத்து, கலந்து, பொட்டலம் கட்டிக் கொடுத்த கை இது. இங்கே மொன்ட்ரியாலுக்கு வந்து ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி தூக்கினேன். அங்கேயும் நான் அடுக்கிய தட்டில் ஒரு அழுகல் பழம் இருந்ததில்லை. பார்க்-எக்ஸ்டென்ஷனில் எங்களைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. எங்களைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதும் இல்லை.

ஜெயனி போனதுக்கு முந்தின வருடம் மே மாதம் வீட்டுக்கு வந்தாள். இடது மணிக்கட்டில் மாக்கட்டு. ஒரு பை. ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் இரண்டு உடும்பு. ஊர் உடும்பு மாதிரிப் பெரியவை அல்ல. ஆஸ்திரேலியாச் சாதி, முழங்கையளவு நீளம், வாலெல்லாம் முள். சிட்ரோன், புவாவ்ர் என்று பிரெஞ்சில் பெயர் வைத்திருந்தாள். கலியாணத்துக்கு முன்பே வளர்த்தவை. புருஷன் வீட்டிலிருந்து அவள் எடுத்து வந்த ஆதனம் அவ்வளவுதான்.

அவளுக்குக் கார்டெரியில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில், வேலை. காலையில் போனால் பின்னேரம்தான் வருவாள். பகல் சாப்பாடு என் பொறுப்பாயிற்று. நான் ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாகச் செய்வதில்லை. கொப்பி ஒன்று வாங்கிக் கோடு போட்டேன். திகதி, நேரம், என்ன பூச்சி, எத்தனை, எந்தத் தூள். பூச்சியில் இறைச்சிச் சத்து இருக்கும், சுண்ணாம்புச் சத்து இருக்காது. ஆகவே கிழமைக்கு நாலு தரம் கல்சியம் தூளில் புரட்டிப் போட வேண்டும். விற்றமின் தூள் ஒரு தரம். குஞ்செலி மாதத்தில் இரண்டு. அதற்கு மேல் போனால் கொழுத்து ஈரல் கெட்டுவிடும். மேலே எரிகிற குழாய் லைட்டை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெளிச்சம் அப்படியே இருக்கும். ஆனால் சுண்ணாம்பு எலும்பில் பிடிக்க வேண்டிய கதிர் அதிலிருந்து போய்விடும். வெள்ளிக்கிழமைகளில் என் மனைவி புஷ்பராணி மரக்கறிதான் சமைப்பாள். அதனால் வெள்ளியில் பூச்சி வேலையை விடியவே முடித்து, தலை தோய்ந்துவிட்டுத்தான் சாமி அறைக்குள் போவேன்.

பத்து மாதம் அந்த இரண்டையும் ஒரு குறையும் இல்லாமல் வளர்த்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன மார்ச்சில் மருமகன் வசீகரன் தாய் தகப்பனோடு வந்தான். தேத்தண்ணி குடித்தார்கள். மரியாதையான பிள்ளை, என் முன்னால் கால் மேல் கால் போட்டு இருந்ததில்லை.

“நடந்தது நடந்துபோச்சு, மாமா. அவ வரட்டும். அந்தப் பிராணியள் மட்டும் வேண்டாம்” என்றான்.

ஜெயனி கதவுநிலையில் நின்றாள். “அதுகள் இருக்கிறவரைக்கும் நான் அங்க வரமாட்டன்” என்றாள்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரு காரணம் கிடைத்துவிட்டது. மணிக்கட்டைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. சம்பந்தி அம்மா சிரிக்கவும் செய்தாள். “உடும்புக்காகப் புருஷனை விட்டவள் எண்டு உலகத்திலயே எங்கட மருமகள் ஒருத்திதான்.”

அவர்கள் போன பிறகு நான் மகளிடம் சொன்னேன். “ஆருக்கும் குடுத்திடு, பிள்ளை.”

“குடுக்கேலாது, அப்பா.”

“ஏன்?”

“குடுக்கேலாது.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வேறு ஏதோ கேட்பேன் என்று காத்து நின்றவள் மாதிரி. நான் கேட்கவில்லை. அவள் சொன்ன காரணம் எனக்குப் போதுமாக இருந்தது.

பங்குனி உத்தரத்தன்று கோயிலில், செருப்பு வைக்கிற இடத்தில், குணரத்தினம் என்னைப் பிடித்தான். ஒரே ஊர்க்காரன். வாய் மட்டும் கோயிலுக்குள்ளும் அடங்காது.

“டிஸ்பென்சர் அண்ணை, பேரப்பிள்ளையள் சுகமோ? சுவரெல்லாம் ஏறத் தொடங்கிட்டினமோ?”

சுற்றி நின்ற நாலு பேர் கீழே பார்த்துச் சிரித்தார்கள்.

“ஊரிலயெண்டால் கறி வைச்சிருப்பம். இஞ்ச நீங்கள் அதுகளுக்குச் சமைச்சுக் குடுக்கிறீங்களாம். நல்லது அண்ணை, வயது போன காலத்தில ஒரு உத்தியோகம்.”

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, கல்சியம் தூளை டின்னிலிருந்து கொட்டிக் கழுவிவிட்டேன். அரிசிமாவை மூன்று முறை அரித்து அதே டின்னில் நிரப்பினேன். நிறத்தில் வித்தியாசம் இல்லை. மகள் புதிதாக வாங்கி வைத்திருந்த குழாய் லைட்டை எறிந்துவிட்டுப் பழையதையே எரிய விட்டேன்.

நஞ்சு வைத்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். திடீரென்று செத்தால் கேள்வி வரும். மெல்ல மெல்லக் குறைந்துபோனால் ஏதோ வருத்தம், நோய் என்று சொல்வார்கள். துன்பப்படுத்துவது என் நோக்கம் அல்ல. அதுகளின் மீது எனக்குக் கோபமும் இல்லை. புவாவ்ர் என் சட்டைக் கைக்குள் தலையை வைத்துப் படுத்திருக்கும். கொப்பியை ஒரு நாளும் நிறுத்தவில்லை. பூச்சியின் எண்ணிக்கை, நேரம், எல்லாம் உண்மை. ஒரு நிரல்தான் பொய்.

புஷ்பராணி ஒருநாள் குசினியில் கேட்டாள். “இந்த அரிசிமா எங்கயப்பா போகுது? போன கிழமைதானே வாங்கினது.”

“வண்டு விழுந்திட்டுது. எறிஞ்சிட்டன்.”

அவள் என்னைப் பார்த்தாள். அடுத்த முறை கடைக்குப் போனபோது பெரிய பாக்கெட்டாக வாங்கி வந்தாள். பிறகு கேட்கவில்லை.

சிட்ரோன் பெண். அந்தக் கோடையில் முட்டை பிடித்திருந்தது. முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பைச் சாப்பாட்டில் காணாவிட்டால், தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். இது எனக்கு முன்பே தெரியும். ஜூலையில் பின்னங்கால் நடுங்கத் தொடங்கியது. பிறகு தாடை மெத்தென்று வளைந்துபோய், பூச்சியைக் கடிக்க முடியாமல் வாயில் வைத்துக்கொண்டே இருந்தது. ஜெயனி வேலையால் வந்ததும் வராததுமாக, கூழாக அடித்த சாப்பாட்டை ஊசிக்குழலில் எடுத்துப் பருக்குவாள். தலையைப் பிடித்துக் கொடுப்பவன் நான்.

“தூள் ஒழுங்காப் போடுறீங்கள்தானே, அப்பா?”

கொப்பியைக் காட்டினேன். அவள் என் கையைத் தடவிவிட்டாள்.

மிருக வைத்தியர் ஒரு இளம் பெண். எக்ஸ்-ரே படத்தைச் சுவரில் மாட்டிப் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினாள். ஜெயனி எனக்குத் தமிழில் சொன்னாள். “எலும்பு மெலிஞ்சு போச்சாம், அப்பா.” அவ்வளவுதான் சொன்னாள். வைத்தியர் அதற்கு மேலும் சொன்னது எனக்கு விளங்கியது. முப்பது வருடம் இங்கே இருக்கிறேன். இது ஒரு நாளில் நடந்ததல்ல. இங்கே, இங்கே, பழைய முறிவுகள். தானாக ஆறியிருக்கின்றன. இந்தச் சாதி நோவைக் காட்டிக்கொள்ளாது, அதனால் வீட்டிலிருப்பவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள்.

அப்படி ஒரு சொல்லை நான் கேட்டது அது முதல் தரம் அல்ல. ஜெயனி மாக்கட்டோடு வந்தாள் என்றேன் அல்லவா. வீட்டுக்கு வர முதல், அந்தக் கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவனே நான்தான். அங்கேயும் ஒரு டொக்டர் எக்ஸ்-ரே படத்தைப் பிடித்துக்கொண்டு என்னைத் தனியே கூப்பிட்டார். மணிக்கட்டு முறிவு புதிது, விலாவில் இரண்டு பழையவை, தானாக ஆறியவை, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். வெளிப்படியில் பனி வழுக்கி விழுந்தவள் என்று சொன்னேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். மே மாதம். மரமெல்லாம் தளிர் விட்டிருந்தது. அந்த முறிவுகளை எழுதி அவர் தந்த கடதாசியை மடித்து எங்கள் பாஸ்போர்ட்டுகளோடு பைலில் வைத்தேன். இன்னும் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு கடதாசியும் தவறுவதில்லை.

சிட்ரோன் ஓகஸ்டில் முட்டையோடு செத்தது. புவாவ்ர் ஒக்டோபரில்.

புவாவ்ர் போன அன்று பின்னேரம் ஜெயனி பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவள், தூள் டின்னைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். விரலை உள்ளே விட்டு நாக்கில் வைத்தாள். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் கதிரையில் இருந்தேன். அழுகையோ சத்தமோ எதையாவது எதிர்பார்த்தேன்.

டின்னை இறுக்கி மூடினாள். “நான் அங்க போறன், அப்பா” என்றாள். “எங்க இருந்தாலும் ஒண்டுதான்.”

அவள் கடைசியில் என் சொல்லைக் கேட்டாள் என்று சந்தோஷப்பட்டேன். கந்தசஷ்டி முடிய நல்ல நேரம் பார்த்து நானே அனுப்பி வைத்தேன். வசீகரன் காரோடு வந்து என் காலைத் தொட்டான். அவனுடைய வீடு மொன்ட்ரியால்-நோரில் இரண்டாம் மாடி, வெளியில் இரும்புப் படி. போகும்போது அந்த டின்னை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த கிழமை கோயிலில் குணரத்தினம் என்னைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்டான்.

இப்போது ஆஸ்பத்திரியில் அவளுக்கு முறிந்த தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். வாய் திறக்க முடியாது. குழாயால்தான் உறிஞ்ச வேண்டும். நான் நாள்தோறும் குரக்கன் கஞ்சி காய்ச்சுகிறேன். குரக்கனில் சுண்ணாம்புச் சத்து நிறைய. பால் விட்டு, கட்டி இல்லாமல் வடித்து, பிளாஸ்க்கில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். புஷ்பராணி ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாள். வீட்டுக்கு வருவதில்லை, என்னோடு கதைப்பதும் இல்லை. பிளாஸ்க்கை நிறைந்தபடியே கதவடியில் திருப்பித் தருகிறாள். ஜெயனி ஒரு துண்டில் எழுதிக் காட்டினாளாம்: அதில என்ன கலந்திருக்கு எண்டு ஆருக்குத் தெரியும்.

நோவில் எழுதியிருப்பாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நேற்று வசீகரனும் வந்தான். முன் அறையில் தலை குனிந்து இருந்தான். “நீங்கள் ஒருக்காச் சொன்னால் காணும், மாமா. உங்கட சொல்லுக்கு எல்லாரும் மரியாதை வைச்சிருக்கினம்” என்றான். அது உண்மைதான்.

ஆகவே இரண்டு விஷயத்தையும் வேறுவேறாக எழுதுங்கள். உடும்புகள் இரண்டையும் கொன்றவன் நான். அறிந்து, நிறுத்து, ஏழு மாதம் எடுத்துச் செய்தேன். கொப்பி இதோ இருக்கிறது, கொண்டுபோங்கள். அதற்கு எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். நான் செய்ததை மறைக்கிறவன் அல்ல.

மகள் வெளிப்படியில் பனி வழுக்கி விழுந்தவள். முதல் முறை அந்த டொக்டர் யன்னலைப் பார்த்தது எனக்குப் பெரிய வெட்கமாகப் போயிற்று. இது ஜனவரி. நேற்று மத்தியானம் நானே பஸ் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த முறை படியில் உண்மையாகவே பனி இருக்கிறது.