அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைப் பார்சல்

சீனச் சாப்பாட்டின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, தம்பி. சீனர்கள் அதை நன்றாகவே சமைப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் சொல்ல வந்தது காங்கேசன்துறை வீதியில், இணுவில் தாண்டியதும் வருகிற 'லக்கி பாம்பு' கடையைப் பற்றி. மூங்கிலுக்கு இங்கிலீசில் என்னவோ அதைத்தான் பெயராக வைக்க நினைத்திருக்கிறார்கள். பலகை எழுதியவர் கடைசி எழுத்தைக் குறிலாக்கிவிட்டார். தமிழ் வாசிக்கத் தெரிந்தவருக்கு அது அதிர்ஷ்டமுள்ள பாம்பு. மூன்று வருஷமாக அப்படியே தொங்குகிறது. சாப்பிட வருகிற ஒருவர்கூடச் சிரித்து நான் பார்க்கவில்லை. அவர்களைப் பற்றி அறிய அது போதும்.

அந்தக் கடையின் சமையல்காரர் கொலின்ஸை நேற்றிலிருந்து இங்கே பொலிஸ் ஸ்டேஷனில் இருத்தி வைத்திருக்கிறீர்கள். அவருடைய சாப்பாட்டால்தான் எங்கள் அப்பா மார்க்கண்டு இறந்துபோனார் என்று என் மூத்த அண்ணன் வாகீசன் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். அந்த மனிதரை விட்டுவிடுங்கள். ஒரு ஆளைக் கொல்லுகிற அளவுக்கு அவருக்குத் திறமை கிடையாது. நடந்ததை நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் சிவகௌரி. வயது ஐம்பத்திரண்டு. கலியாணம் ஆகவில்லை. நூலகத்தில் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு இருதயம் பலவீனம் என்று கண்டுபிடித்ததும் வேலையை விட்டேன். அண்ணன்மார் இருவரும் போனில் கூடிப் பேசி, நான் விடுவதுதான் நல்லது என்று முடிவெடுத்தார்கள். வாகீசன் அண்ணை ரொறன்ரோவில். செந்தூரன் அண்ணை லண்டனில்.

டொக்டர் சொன்னது மூன்று விஷயம். உப்புக் கூடாது. தண்ணீர் அளந்து குடிக்கவேண்டும். உடம்பில் தேங்குகிற நீர் வெளியேற ஒரு குளிசை, தினமும் காலையில். நான் இரண்டு வருஷம் உப்பில்லாமல் சமைத்தேன். புளியும் தேசிக்காயும் மிளகும் வைத்து நாக்கை ஏமாற்றப் பார்த்தேன். அப்பா தபாலதிபராக இருந்தவர். கடிதத்தை நிறுக்கிற மாதிரிச் சோற்றுக் கோப்பையைக் கையில் தூக்கிப் பார்ப்பார், பிறகு மேசையில் வைத்துவிடுவார்.

போன வருஷம் தைப்பொங்கல் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, கனடாவிலிருந்தே கடைக்குப் போன் அடித்து வாகீசன் அண்ணை சாப்பாடு சொல்லியிருந்தார். பிறைட் றைஸ், ஹொட் பட்டர் கணவாய், சிக்கன் டெவல். போய் எடுத்துவரவேண்டியது நான். ஸ்கூட்டியில் போனேன். உள்ளே சிவப்புக் கூடுகள் தொங்கின. சுவரில் ஒரு டிராகன். அதைக் கீறியவர் தன் வீட்டுப் பல்லியைப் பார்த்துக் கீறியிருக்கவேண்டும். கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்த பெண்கள், பிள்ளைகளின் கையில் இரண்டு குச்சிகளைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் குச்சிகளை வைத்துவிட்டுக் கரண்டியால் அள்ளினார்கள். வருஷம் முழுக்க வெங்காயத்துக்குத் தண்ணி கட்டுகிற ஒரு மனிதர், மூன்று விதச் சொப்சிக் கறியில் எது உறைப்புக் குறைவு என்று பரிமாறுகிற பிள்ளையிடம் அத்தனை பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பார்சலுக்காகச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன்.

வீட்டில் பெட்டியைத் திறந்ததும் அப்பா அழுதார். சாப்பிட முதலே அழுதார். "என்ரை பிள்ளையள் அனுப்பினது," என்றார். நான் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். அண்ணன்மார் எழும்பியதும் ஆளுக்கொரு சிவப்பு இதயம் போட்டார்கள். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும்.

இரண்டாம் ஞாயிறே நான் கொலின்ஸிடம் சொன்னேன், இது இருதய நோயாளிக்கு என்று. அதையும் எழுதுங்கள். அவர் குருநகர் ஆள், கப்பலில் சமைத்தவர். கையைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தார்.

"அக்கா, ஐயாவுக்கு நான் தனியாத் தாச்சி வைச்சுப் போடுறன். உப்பும் இல்லை, சோயா சோசும் இல்லை. இஞ்சி, உள்ளி கூடப் போட்டுவிடுறன். ஐயாவுக்கு வித்தியாசம் தெரியாது."

"செய்யுங்கோ," என்றேன்.

ஐயாவுக்கு வித்தியாசம் தெரிந்தது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"உதிலை உன்ரை கை பட்டிட்டுதோ?"

"இல்லை அப்பா. கடையிலை வாங்கின மாதிரியே கிடக்கு."

"உன்ரை கை பட்ட மாதிரிக் கிடக்கு," என்று கோப்பையைத் தள்ளினார்.

அடுத்த ஞாயிறு, பார்சலோடு வந்த வழியில் ஒரு சோயா சோஸ் போத்தல் வாங்கினேன். குசினியில் வைத்துப் பெட்டியைத் திறந்து, இரண்டு கரண்டி ஊற்றிக் கிளறிக் கொண்டுபோய் வைத்தேன். அப்பா முழுதும் சாப்பிட்டார். "இதெல்லோ என்ரை பிள்ளையளின்ரை சாப்பாடு," என்றார். ஆசைப்பட்டதைத்தானே கொடுத்தேன். எண்பத்தொரு வயதில் ஒருவருக்கு வேறு என்ன இருக்கிறது? கொலின்ஸிடம் உப்புப் போடச் சொல்லி ஒருமுறை கேட்டும் பார்த்தேன். "அக்கா, அது மட்டும் என்னாலை ஏலாது," என்றார். கணவாய் பொரிக்கிறவருக்கு அவ்வளவு மனச்சாட்சி. ஆகவே அந்தச் சிறு வேலை என்னிடமே இருந்தது. இரண்டு கரண்டி நாலாகி, பிறகு உப்பும் கொஞ்சம்.

கால்கள் வீங்கத் தொடங்கின. விரலால் அமுக்கினால் குழி நெடுநேரம் நிற்கும். கிளினிக்கில் டொக்டர், "அம்மா, உப்புக் குடுக்கிறியளோ?" என்று கேட்டார். நான் உப்பில்லாமல் சமைப்பதாகச் சொன்னேன். அது உண்மை. நான் சமைத்த எதிலும் உப்பு இருக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமலே தாளில் எழுதினார். அவர் அதிகம் கேட்டிருந்தால் அதிகம் சொல்லியிருப்பேன்.

ஆறு மாதத்தில் அண்ணன்மாருக்கு அலுத்துவிட்டது. அவர்களுக்கு எதுவும் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது. அம்மாவின் திவசத்தையே நான்தான் ஞாபகப்படுத்துவேன். ஒரு ஞாயிறு, பார்சல் தயார் என்று கடையிலிருந்து வருகிற அழைப்பு வரவில்லை. அப்பா குளித்துச் சேர்ட் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு மணியிலிருந்து படலையைப் பார்த்தபடி இருந்தார். "பிள்ளையள் அனுப்பேல்லையோ?" என்று கேட்டார். நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய் வாங்கிவந்தேன். "அண்ணை பிந்திப் போன் அடிச்சவராம்," என்றேன். அதிலிருந்து ஐந்து மாதம் நானே வாங்கினேன். வாரத்தில் ஒன்று போதவில்லை என்றார். புதனும் சேர்த்தேன். அவருடைய மகன்மார் திடீரென்று இன்னும் நல்லவர்களானார்கள். றோட்டால் போகிற ஆட்களைக் கூப்பிட்டு அதைச் சொல்லுவார்.

குளிசையைப் பற்றிக் கேட்பீர்கள். அது போட்டால் அடிக்கடி மூத்திரம் போகும். சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழும்பி எழும்பிப் போவது அவருக்குப் பெரிய வேதனை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கொடுக்காமல் விட்டேன். பிறகு புதன்கிழமைகளில். கடைசி இரண்டு மாதம் மற்ற நாட்களிலும் கொடுக்கவில்லை. ஒழுங்கு என்றால் எல்லா நாளும் ஒரே ஒழுங்காக இருக்கவேண்டும். மிச்சக் குளிசைகள் அலுமாரியில் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளலாம்.

அப்பா இறந்ததும் அண்ணன்மார் வந்தார்கள். செத்தவீட்டுக்குக் கொலின்ஸும் வந்தார், வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு. வாகீசன் அண்ணையின் கையைப் பிடித்து, "அண்ணை, ஐயாவுக்கு நான் உப்பில்லாமல்தான் போட்டுத் தந்தனான்," என்று அழுதார். அண்ணை குளிர்சாதனப் பெட்டியில் மிஞ்சியிருந்த கணவாயை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தார். துப்பிவிட்டார். அவ்வளவு உப்பு. உடனே முகநூலில் எழுதினார், உங்களிடமும் வந்தார். கடைக்குக் கல்லெறிந்தார்கள், கண்ணாடி போயிற்று. போன கிழமை வரை அங்கே குச்சியோடு படம் எடுத்தவர்கள்தான் எறிந்திருப்பார்கள். தங்கை அதைக் கிளறியிருக்கலாம் என்று அண்ணைக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. நான் எதையும் செய்யக்கூடிய ஆள் என்று அவர்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. நான் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனிக் கடைசி ஞாயிறு.

அதற்கு முன் ஒரு கிழமையாக அப்பாவால் படுக்க முடியவில்லை. சாய்வுநாற்காலியில் இருந்தபடி நித்திரை கொண்டார். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாடு வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு ஆறுதலாக, என்னைப் பாராமல் சொன்னார்.

"வாகீசன் என்னை மறக்கேல்லை. உன்னை மட்டும் நம்பியிருந்தா நான் எப்பவோ போயிருப்பன்."

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு தகவல் பிழையாக இருந்தது, திருத்தினேன்.

"உது அண்ணை அனுப்பினதில்லை, அப்பா. ஐஞ்சு மாசமா நான்தான் வாங்கித் தாறன்."

கரண்டியைப் பார்த்தார். அதைக் கோப்பையில் வைத்தார். கோப்பையைத் தள்ளினார்.

"எனக்குப் பசிக்கேல்லை."

ஒரு நிமிஷத்துக்கு முன் பசித்தவர். நான் எதிரே கதிரையைப் போட்டு இருந்தேன். இரண்டு மணியளவில் மூச்சு இரையத் தொடங்கியது. உதடு நீலம் பாரித்தது.

"பிள்ளை, மூச்சு எடுக்கேலாமக் கிடக்கு. அம்புலன்சுக்கு அடி."

போன் என் மடியில் இருந்தது. கோப்பையை அவருக்குக் கிட்டவாக நகர்த்தினேன்.

"சாப்பிடுங்கோ. சாப்பிட்டாப் பிறகு அடிக்கிறன்."

என் முகத்தைப் பார்த்தார். அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது எனக்கு ஞாபகமில்லை. பிறகு கரண்டியை எடுத்தார். பாதி சேர்ட்டில் கொட்டியது. ஒரு வாய்க்கும் மற்ற வாய்க்கும் இடையில் நெடுநேரம் எடுத்தது. நாலு கரண்டி சாப்பிட்டார்.

"நல்லா இருக்கோ, அப்பா?"

"ஓம்," என்றார். மூச்சை இழுத்து, மிச்சத்தையும் சொன்னார். "நல்லாயிருக்கு, பிள்ளை."

அதற்குப் பிறகும் நான் அடிக்கவில்லை. அவர் போனைக் காட்டினார், பிறகு காட்டுவதையும் விட்டார். ஐந்து மணிக்கு அடித்தேன். அப்போது அவசரம் எதுவும் இருக்கவில்லை. அவரைக் கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் நல்லாயிருக்கு என்று அவர் சொன்னதையும் விடாமல் எழுதவேண்டும், தம்பி. அதை நான் கட்டாயப்படுத்திச் சொல்லவைக்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.