பாடகன் அனுப்பிய பதில்

— ஷூவைக் குடு, அக்கா.

— எங்க கிளம்பிட்ட?

— அரங்கத்துக்கு. சாயங்காலக் கச்சேரிக்கு இப்ப ஒத்திகை. பின்வாசல்ல நின்னு அவர்கிட்டயே கேக்கப் போறேன்.

— யாரு, அந்தச் சுருட்டைத் தலையனா? உன்னை உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சுட்டுதான் பாடுவான்!

— கிண்டல் பண்ணாத. அவர் எனக்குப் பதில் போட்டது நிஜம். அதைப் படம் எடுத்துப் போட்டதுக்கு அத்தனை ரசிகர்களும் என்னைப் பொய்க்காரிங்கறாங்க. கிளாஸ்ல பக்கத்துல உக்கார ஆளில்ல.

— நாலு நாள் போனைத் தொடாம இரு. அடுத்த பாட்டு வந்தா உன்னை மறந்துடுவாங்க.

— சொல்லுவ, சொல்லுவ. அவருக்கு விளம்பரம் பாக்கற உங்க ஆபீஸ்தானே 'அந்தப் படம் போலி'ன்னு அறிக்கை விட்டுச்சு? அங்கயே வேலை பார்க்கற. ஒரு வார்த்தை கேட்டியா?

— நான் போஸ்டர் பண்றவடி. அவனோட பக்கத்தைப் பாத்துக்கறவங்க வேற...

— ஷூ!

— கத்தாத. அம்மா குளிச்சுட்டு வந்தாங்கன்னா ரெண்டு பேருக்கும் இருக்கு.

— அப்ப குடு.

— இங்க பாரு... எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு அவன் சொல்லிட்டா? அத்தனை பேர் முன்னாடி?

— சொல்ல மாட்டார். 'சாப்பிட்டியா'ன்னு கேட்டவர், அக்கா. இந்த வீட்டுல யாரு கேக்கறா? நீ வந்ததும் கதவைச் சாத்திக்கற.

— சரி, அங்க போய் நிக்கறதுக்குப் பதிலா முழுசையும் போட்டுடேன். படத்தைக் கீழ வெட்டிப் போட்டதாலதானே போலிங்கறாங்க. மாத்திரை போட்டியான்னு கேட்டதையும் சேர்த்துப் போட்டா...

— இரு. இப்ப என்ன சொன்ன?

— என்னடி?

— மாத்திரையா?

— இல்ல, நான் வந்து...

— மாத்திரை விஷயம் வெளிய தெரியக்கூடாதுன்னுதான் அந்த வரியை வெட்டினேன். ஒருத்தருக்கும் காட்டல. உனக்கு எப்படித் தெரியும்?

— உக்காரு முதல்ல.

— அக்கா, எப்படி?

— அவன் யாருக்கும் பதில் போடறதில்லடி. அவன் பேருல ஆபீஸ்ல நாங்க மூணு பேர் போடறோம். ஒரு இதயம், 'உன் அன்புக்கு நன்றி'. அதுக்கு மேல ஒரு எழுத்து போகக்கூடாது. வீட்டுல கூடச் சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. அன்னிக்கு நீ எழுதினது என் திரைக்கு வந்துச்சு. புது மாத்திரை ஒத்துக்கல, சாப்பாடு இறங்கலன்னு... படிச்சதும் யார் பேருல உக்காந்திருக்கேன்னே மறந்துட்டேன்.

— நீயா?

— நான்தான்.

— அப்ப நான் எழுதினதெல்லாம் படிச்சியா?

— என்கிட்ட வந்ததை.

— உன்னைப் பத்தி எழுதினது?

— அதையும். 'எங்கக்கா எங்க வீட்டு வாடகைக்காரி'. நல்லாத்தான் எழுதற.

— சிரிக்காத! ...எனக்கே சிரிப்பு வருது பாரு. ஒரு வாரமா அந்த 'சாப்பிட்டியா'வை அவர் குரல்லயே கேட்டுட்டிருந்தேன். ராகத்தோட.

— மன்னிச்சுடுடி.

— விடு. கேட்டதென்னவோ நிஜம்தானே? யாரோ ஒருத்தி நிஜமாத்தான் கேட்டிருக்கா... ஆனா அந்த அறிக்கை, அக்கா. 'கவனத்துக்கு ஏங்கும் ஒரு பெண்ணின் வேலை'ன்னு போட்டிருந்ததே. மத்தவங்க திட்டினது எதுவும் அவ்வளவு வலிக்கல. என்னை உள்ள வரைக்கும் தெரிஞ்சவங்க எழுதின மாதிரி இருந்துச்சு. அது யாருன்னு மட்டும் சொல்லு.

— மேலாளர் ஒரு வரி எழுதச் சொன்னார்...

— யார்கிட்ட?

— வேலை போயிடும்னு பயந்துட்டேன். ...இல்ல, பயம் மட்டும் இல்ல, அந்த 'வாடகைக்காரி' உறுத்திட்டே இருந்துச்சு. 'படம் போலி'ங்கறதோட நிறுத்தத்தான் அவர் சொன்னார். 'கவனத்துக்கு ஏங்கும்'ங்கற மிச்சத்தை யாரும் கேக்கலடி. நானாத்தான் சேர்த்தேன்.